எடிர்னேயிலிருந்து அனுப்பிய படம்

துருக்கி போய் வந்தவர் என்று இப்போது ஊரில் என்னைக் காட்டுகிறார்கள். மக்கா, மதீனா போய் உம்ராவை முடித்துவிட்டுத்தான் துருக்கிக்குப் போனேன். அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. மாத்தளைக் கடைத்தெருவில் முன்பின் தெரியாதவன்கூட நிறுத்தி, "நீங்கதானே அந்த டிசைன கொண்டு வந்தது?" என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறான். நான் கையை உருவிக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறேன். வயதான காலத்தில் இவருக்கு என்ன தலைக்கனம் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நான் எந்த டிசைனையும் கொண்டு வரவில்லை. எங்கள் பழைய பள்ளிவாசலை உடைக்காமல் காப்பாற்ற ஒரு வழி கிடைக்குமா என்று பார்க்கப் போனேன். கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் பல்லேபொலவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி த்ரீவீலில் கொஞ்சத் தூரம் உள்ளே வரவேண்டும். மிளகுக் கொடியும் கராம்பு மரமுமாக வீட்டுத் தோட்டங்கள் முடிந்து, வயல் தொடங்கும் இடத்தில்தான் பள்ளி இருந்தது. பள்ளி என்றால் குவிமாடமும் மினாராவும் என்று தேடிக்கொண்டு வருகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். இரண்டு சரிவாக இறங்கும் ஓட்டுக் கூரை, சுற்றிலும் தாழ்வாரம், வழுவழுவென்று கறுத்துப்போன பலாமரத் தூண்கள். பக்கத்து ஊர்ச் சிங்களத் தச்சர்கள் வந்து கட்டியது என்பார்கள். விகாரைக்கும் பெரிய வீடுகளுக்கும் எப்படிக் கூரை போட்டார்களோ அப்படியே எங்களுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கத்தில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூச் செய்யும் ஹவுல். பின்னால் மேட்டில் இருக்கும் ஊற்றிலிருந்து தண்ணீர் தானாக வந்து அந்தத் தொட்டியை நிறைத்து, மிச்சம் தானாக வயலுக்குப் போகும். மோட்டார் கிடையாது. கரண்ட் போனாலும் கைகால் கழுவலாம்.

நான் மாத்தளையில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் கட்டப்போகும் அசிங்கங்களை அளவு பிசகாமல் வரைந்து கொடுத்ததுதான் என் உத்தியோகம். அதனால்தானோ என்னவோ, அந்தக் கூரையின் மேல் எனக்கு அப்படி ஒரு பிடிப்பு. அதைவிட இன்னொரு காரணமும் உண்டு. நாட்டில் எங்களை வேற்று ஆட்களாகப் பார்க்கத் தொடங்கிய அந்தக் கெட்ட காலத்தில், பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துக்காரர் எழுந்து தள்ளி நின்ற நாட்களில், நான் இறங்கி வந்து அந்தக் கூரையைப் பார்ப்பேன். நாங்களும் இந்த மண்ணில் முளைத்தவர்கள்தான் என்று எங்களுக்காகப் பேச அது ஒன்றுதான் இருந்தது. இதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

பள்ளி நிர்வாகத்தின் தலைவர் என் மனைவியின் நானா, அவளுடைய மூத்த சகோதரர். மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர். பக்கத்தில் வந்தாலே கராம்பு மணக்கும். தங்கமான மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் சண்டை பிடிக்கலாம்.

"மச்சான், மழைக்கு ஒழுகுது. வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பாதிச் சனம் ரோட்டுல நிக்கிறாங்க. வெளியூர்லருந்து வாறவங்க இது விகாரையா, பன்சலையான்னு கேக்குறாங்க. நமக்கும் பள்ளி மாதிரி ஒரு பள்ளி வாணாமா?" என்று கேட்டார்.

பழைய பள்ளியை முன்னால் அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கத்துக் காணியில் பெரிய மண்டபம் ஒன்றைக் கட்டலாம் என்று வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓட்டைத் தாங்கும் சிலாகை இரண்டும் கொஞ்சம் ஓடும் மாற்றினால் ஒழுக்கும் நிற்கும். எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

"நீங்க நல்லபடியா உம்ரா போய் வாங்க மச்சான். வந்த பொறகு எல்லாரும் இருந்து பேசுவோம். நீங்க இல்லாம ஒரு ஓட்டக்கூட தொடமாட்டோம்" என்றார் மச்சான். கையைப் பிடித்துச் சொன்னார். நம்பினேன்.

உம்ராவோடு துருக்கியையும் சேர்த்துக் கூட்டிப்போகிற பயணம் ஒன்று இருந்தது. அதை நான் வேண்டுமென்றே தெரிவு செய்தேன். எங்கள் ஊர் ஆண்களுக்கு இப்போது துருக்கி என்றால் உயிர். குதிரையும் வாளுமாக வரும் துருக்கி நாடகங்களை ஃபோனில் பார்த்துவிட்டுத் தாடியைக்கூட அந்த மாதிரி வெட்டிக்கொள்கிறார்கள். நான் சொன்னால் எடுபடாதது துருக்கிக்காரன் சொன்னால் எடுபடும் என்று கணக்குப் போட்டேன். பழைய பள்ளிகளை அவர்கள் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள் என்று படத்தோடு காட்டிவிட்டால் இவர்கள் வாயடைத்துப் போவார்கள் அல்லவா.

கூட வந்தவர்கள் இஸ்தான்புல்லில் தோல் ஜக்கெட்டும் மிட்டாய்ப் பெட்டியும் வாங்கப் போனார்கள். நானும் மனைவியும் மட்டும் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு எடிர்னேக்கு பஸ் ஏறினோம். இஸ்தான்புல் தலைநகரம் ஆவதற்கு முன் ஒஸ்மானிய சுல்தான்களுக்குத் தலைநகரமாக இருந்த ஊர் அது. இப்போது எல்லையோரத்தில் யாருடைய கவனத்திலும் இல்லாமல் கிடக்கிறது. அறுவடை முடிந்து காய்ந்த சூரியகாந்தித் தட்டைகள் வழி நெடுக நின்றன. "இதைப் பார்க்கவா கூட்டிட்டு வந்தீங்க?" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே மனைவி கேட்டாள்.

ஊர் அமைதியாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை. தெருவில் கிழவர்கள் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் பால் விடாத சாயத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மரவீடுகள் சில சாய்ந்து, கட்டை முட்டுக் கொடுத்து நின்றன. குன்றின்மேல் பெரிய பள்ளி, நாலு மெல்லிய மினாராக்களோடு. எங்கே நின்று திரும்பினாலும் அது தெரிந்தது. அதற்குக் கீழே சதுக்கத்தில் இன்னொரு பள்ளி. அதற்குப் பெயரே பழைய பள்ளிதான். பெயரைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. பழையது என்று பெயர் வைத்து, அந்தப் பெயரோடேயே இத்தனை நூற்றாண்டு வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனோம். வெள்ளைச் சுவரிலும் தடித்த தூண்களிலும் ஆள் உயரத்தையும் தாண்டி அரபு எழுத்துகள் கறுப்பில் எழுதியிருந்தன. அலங்காரம் அவ்வளவுதான். ஒரு தூணின் அடியில் காரை பெயர்ந்த இடத்தைத் திருத்தியிருந்தார்கள். பழைய பூச்சு எதுவரை, புதியது எங்கிருந்து என்று ஒரு மெல்லிய கோடு விட்டிருந்தார்கள். நான் முழங்கால் போட்டு அந்தக் கோட்டைப் பார்த்தேன். என் உத்தியோக காலம் முழுவதும் இப்படி ஒரு நேர்மையைக் கட்டடத்தில் நான் பார்த்ததில்லை.

அங்கே பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், நான் தரையில் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துப் பக்கத்தில் வந்தார். மொழி தெரியாததால் ஃபோனை எடுத்தோம். நான் தமிழில் அடிக்க, அது துருக்கியில் காட்டியது. "ஜும்ஆவுக்கு இடம் போதாவிட்டால் இதை உடைத்துவிட்டுப் பெரிதாகக் கட்டமாட்டீர்களா?" என்று கேட்டேன். அவர் வாசித்தார். திரும்ப வாசித்தார். ஃபோன் பிழையாக மொழிபெயர்க்கிறது என்று நினைத்து, வேறு மாதிரி எழுதச் சொல்லிச் சைகை காட்டினார். வேறு மாதிரி எழுதினேன். அதையும் வாசித்துவிட்டு மெதுவாக அடித்தார். "இதை ஏன் உடைக்க வேண்டும்?"

அந்தக் கேள்வியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். மச்சானுக்குக் காட்ட வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

குன்றின்மேல் இருந்த பள்ளிக்கும் அவரே கூட்டிப்போனார். அங்கே திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு பளிங்குத் தூணில் தலைகீழான துலிப் பூ ஒன்று செதுக்கியிருக்கிறதாம். அந்தப் பக்கத்தைப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். ஃபோனில் படத்தைக் காட்டிக் கதை சொன்னார். பள்ளி கட்ட வந்த இடத்தில் ஒருத்திக்குத் துலிப் தோட்டம் இருந்ததாம். விற்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாளாம். கடைசியில் இணங்கினாளாம், தன் தோட்டத்தின் ஞாபகமாக ஒரு பூ இருக்கவேண்டும் என்று சொல்லி. அவளுடைய பிடிவாதத்துக்காகப் பூவைத் தலைகீழாகச் செதுக்கினார்களாம்.

"உங்களப் போல ஒரு பொம்பள" என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தோம். பயணத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பள்ளிக்குக் கீழே அவளை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். நல்ல வெயில். குவிமாடமும் மினாராக்களும் முழுவதாக விழுந்திருந்தன. கீழே அவள் குடையோடு சின்னதாக நின்றாள்.

அன்று மாலை தங்கிய விடுதியில் உட்கார்ந்து, ஊர் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதினேன். நிறைய எழுதினேன். பழைய பள்ளியின் திருத்திய தூண், அந்த மெல்லிய கோடு, மரவீட்டுக்குக் கொடுத்த முட்டு, காவலாளி கேட்ட கேள்வி என்று ஒவ்வொன்றுக்கும் படம் சேர்த்தேன். "அந்தப் பெரிய பள்ளிய முதல்ல போடுங்க, பார்க்க அழகா இரிக்கு" என்றாள் மனைவி. போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் 'மாஷா அல்லாஹ்' வரத் தொடங்கியது. வரிசையாக வந்துகொண்டே இருந்தது. கைகள், பூக்கள், இதயங்கள். வாசித்துவிட்டார்கள், விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவைப் பழைய பள்ளியிலேயே தொழுதோம். இடம் போதாமல் சனம் முற்றத்திலும் சதுக்கத்திலும் பாயை விரித்துத் தொழுதது. யாரும் குறை சொல்லவில்லை. இதையும் எழுதி அனுப்பவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்து ஃபோனைத் திறந்தேன்.

எங்கள் ஊர் நேரம் முன்னால் ஓடுவது. நான் அங்கே குத்பா கேட்க உட்காருவதற்கு முன்பே இங்கே ஜும்ஆ முடிந்து வேலையும் தொடங்கியிருந்தது. வீடியோ ஒன்று வந்திருந்தது. எங்கள் பள்ளியின் கூரைமேல் ஆட்கள். ஓடுகள் கைக்குக் கை மாறி இறங்குகின்றன. ஒலிபெருக்கியில் ஸலவாத்து. நன்மை கிடைக்கும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஓட்டைக் கொடுத்துத் தூக்கவைத்திருக்கிறார்கள். ஓரத்தில் அண்டாவில் சோறு வேகிறது. அடுத்த வீடியோவில் சிலாகைகள் மட்டும். அதற்கடுத்ததில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். முகட்டு வளை விழுகிறது. தூசுக்குள்ளிருந்து தக்பீர் முழக்கம்.

மச்சானின் குரல்பதிவும் இருந்தது. சந்தோஷத்தில் குரல் தழுதழுத்தது. "மச்சான், அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யணும். வெளிநாட்டுல வியாபாரம் செய்ற நம்ம ஊர்க்காரர் லீவுல வந்திருக்காரில்லையா, டிசைன் ஒன்னும் பிடிக்கல்லன்னு இழுத்துட்டே இருந்தாரு. நீங்க அனுப்பின படத்த பார்த்த ஒடனே, இதுதான், இப்படித்தான் கட்டணும், முழுச் செலவும் என்னோடதுன்னுட்டாரு. இன்னிக்கி ராவைக்கு அவருக்கு ஃப்ளைட்டு. போறதுக்கு முன்னால தன் கையால முதல் ஓட்ட எடுக்கணும்னு ஆசப்பட்டாரு. உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யத்தான் நினைச்சேன். ஆனா நீங்கதானே படமே அனுப்பியிருக்கீங்க!"

என் எழுத்தை யாருமே வாசிக்கவில்லை. முதல் படத்துக்குக் கீழே ஒருவரும் இறங்கவே இல்லை.

நான் முற்றத்துத் தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஃபோனை வாங்கிப் பார்த்தாள். "நானா நல்ல மனசோடதான்…" என்று தொடங்கினாள். வாயை மூடு என்று கத்திவிட்டேன். வுளூச் செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னய ஏசி என்ன ஆகப்போகுது?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு நிக்காஹ் ஓதிய பள்ளியும் அதுதான்.

நேற்றைய காவலாளி ஓடி வந்தார். என்ன, என்ன என்று கையால் கேட்டார். எழுத எனக்குத் தெம்பில்லை. வீடியோவைக் காட்டினேன். கூரை சரிவதையும் தூசு எழுவதையும் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். தன் ஃபோனை எடுத்து அடித்து நீட்டினார். திரையில் தமிழில் ஒரே சொல். "நிலநடுக்கமா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்னத்தைச் சொல்வது? அவர் நெஞ்சில் கையை வைத்து, எங்கள் ஊருக்காகத் துஆக் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களிடமும் சொன்னார். அவர்களும் கையேந்தினார்கள். எவ்வளவு பேர் இறந்தார்கள் என்று ஒருவர் சைகையில் கேட்டார். யாருமில்லை என்று காட்டினேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். எல்லோரும் நல்லவர்கள். அங்கேயும் நல்லவர்கள், இங்கேயும் நல்லவர்கள்.

திரும்பி வந்தபோது மழை பிடித்துவிட்டது. த்ரீவீல் வளைவில் திரும்பியதும் கண் பழக்கத்தில் கூரையைத் தேடியது. ஆகாயம்தான் இருந்தது. சாரதி பக்கத்து ஊர்ச் சிங்களவர். நல்ல பழைய கட்டடமாச்சே, ஏன் உடைத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நிலநடுக்கம் என்று அவரிடம் சொல்ல முடியாது. பெரிதாகக் கட்டப்போகிறோம் என்றேன். அப்படியா என்றார்.

தூண்களையெல்லாம் மரம் வாங்கி விற்கும் மரக்காலைக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஹவுலுக்குள் இடிபாட்டு மண்ணையும் உடைந்த ஓடுகளையும் போட்டு நிரப்பியிருந்தார்கள். ஆனால் மேட்டு ஊற்றை என்ன செய்வது? அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. போக வழி இல்லாததால் புதிய அத்திவாரக் குழிகளில் போய் நின்றது. பம்ப் வைத்து இறைத்தார்கள். காலையில் வந்து பார்த்தால் மறுபடியும் நிறைந்து கிடக்கும். கீழே வயல்காரர்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்று முறைப்பாடு வேறு. குவிமாடத்தின் பாரத்தை இந்த ஈர மண் தாங்குமா என்று மச்சானிடம் கேட்டேன். "இன்ஜினியர் பார்த்துக்குவாரு மச்சான். நீங்க மட்டும் துஆச் செய்ங்க" என்றார்.

வாசலில் பெரிய பெனர் கட்டியிருக்கிறது. எமது புதிய பள்ளிவாசல் என்று மேலே எழுதி, கீழே நான் எடுத்த படம். பள்ளிப் படத்தில் பெண் நிற்கக்கூடாது என்று என் மனைவியைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். அவளுடைய நிழலை அழிக்க மறந்துவிட்டார்கள். குடை பிடித்த நிழல் கல்தரையில் தனியாகக் கிடக்கிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பினாள். இப்போது அந்த வழியாகப் போவதில்லை.

அத்திவாரக் கல் வைக்கும் நாள் வந்தது. முதல் கல்லை நான்தான் வைக்கவேண்டும் என்று மச்சான் வீடு தேடி வந்து சொன்னார். ஊரில் அந்தத் துருக்கிப் பள்ளியைக் கண்ணால் கண்டவன் நான் ஒருவன்தானாம். முடியாது என்றேன். கை நடுங்குகிறது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் முகம் வாடியது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மனைவி கோப்பையை எடுக்க வந்தாள். எடுக்காமல் நின்றாள். "ஜமாஅத்தோட கோபிச்சுட்டு எங்க போவீங்க? நாளைக்கு ஒன்னுன்னா, வாசல்ல வந்து நிக்கிறது அவங்கதானே? யாரு குளிப்பாட்டுவாங்க, யாரு தூக்குவாங்க?"

எங்களில் ஒருவன் ஊரோடு எவ்வளவு தூரம் மல்லுக்கட்டலாம் என்பதற்கு அதுதான் எல்லை. அந்த எல்லை வரைக்கும் நான் போய்விட்டேன். இந்த வயதில் அதைத் தாண்ட எனக்கு இடம் இல்லை.

போனேன். வெள்ளை ஜுப்பா போட்டுக்கொண்டு போனேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. குழிக்குள் பலகை போட்டு என்னை இறக்கினார்கள். கால் நனைந்தது. ஹவுலில் கைவிட்டால் வருமே, அதே குளிர்ச்சி. சாந்துக் கரண்டியைக் கையில் கொடுத்தார்கள். சாந்தைப் போட்டேன், கல்லை வைத்தேன். மேலே நின்று எல்லோரும் தக்பீர் சொன்னார்கள். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழுததையும் சந்தோஷக் கண்ணீர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஃபோன்களில் படம் பிடித்தார்கள்.

அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. புதுப் பள்ளி முடியும்வரை தொழுவதற்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டிருக்கிறார்கள். உள்ளே புழுக்கம் தாங்காது. நாலு காற்றாடி சுழன்றும் சட்டை ஒட்டிக்கொள்கிறது. பழைய பள்ளியிலிருந்து ஏதாவது ஒன்றை, ஒரு கதவு நிலையையாவது, எடுத்து வைத்திருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாம் பிளாஸ்டிக் பாயும் குர்ஆன் வைக்கும் புது றாக்கையும்.

பின்பக்க மூலையில், பச்சைத் துணி போர்த்தி, சுவரோடு சேர்த்து வைத்திருந்தார்கள் சந்தூக்கை. ஊரில் மௌத்தானவர்களை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப்போகும் பெட்டி. துணியை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். பலாமரம். தூண்களைப் போலவே வழுவழுவென்று கறுத்திருந்தது. அந்தத் தச்சர்கள் மிஞ்சிய மரத்தில் செய்து கொடுத்ததாக இருக்கும்.

மச்சான் பக்கத்தில் வந்து தோளில் கைபோட்டார். கராம்பு மணத்தது. "அத மட்டும் பத்திரமா எடுத்து வச்சிட்டோம் மச்சான். தேவப்படும்தானே" என்றார்.

தொழுகை தொடங்க இகாமத் சொல்லிவிட்டார்கள். முன் வரிசைகள் நிறைந்துவிட்டன. அந்த மூலையில் மட்டும் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்று கையைக் கட்டினேன்.